ஆண்டு வாடகையும் அலாஜோவின் அட்டையும்

லாகோஸ் நகரத்தில் வீடு தேடுகிறவர் தரகரிடம் கேட்கும் முதல் கேள்வி, "வருஷத்துக்கு எவ்வளவு?" மாத வாடகை என்ற பேச்சே அங்கே அபூர்வம். நைஜீரியாவின் மற்றப் பெருநகரங்களிலும் இதுதான் வழக்கம். பன்னிரண்டு மாத வாடகையையும் மொத்தமாகக் கொடுத்தால்தான் சாவி கைக்கு வரும். முதல் ஆண்டில் செலவு அதோடு நிற்பதில்லை. தரகருக்குப் பத்து சதவீதம், ஒப்பந்தம் எழுதும் வழக்கறிஞருக்குப் பத்து சதவீதம், சுவரோ குழாயோ சேதமானால் பிடித்துக்கொள்ள ஒரு பிணைத்தொகை. ஆண்டு முடிந்ததும் அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்கு மறுபடியும் மொத்தப் பணம்.

ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆண்டு வாடகை 6 லட்சம் நைரா என்று வைத்துக்கொள்வோம். தரகு 60,000, ஒப்பந்தச் செலவு 60,000, பிணைத்தொகை இன்னொரு 60,000. ஆக, குடிபோகும் நாளில் 7 லட்சத்து 80 ஆயிரம் நைரா வேண்டும். 2024-இல் நைஜீரியாவின் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 30,000 நைராவிலிருந்து 70,000 ஆக உயர்ந்தது. லாகோஸ் மாநில அரசு தன் ஊழியர்களுக்கு 85,000 தருவதாக அறிவித்தது. அந்த 85,000-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 10 லட்சத்து 20 ஆயிரம். ஆண்டு வருமானத்தில் முக்கால் பங்குக்கு மேல் ஒரே நாளில், ஒரே கையில் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சம்பளம் மாதாமாதம் வருகிறது. சந்தையில் மிளகாயும் தக்காளியும் விற்கும் பெண்ணுக்கும், மஞ்சள் டான்ஃபோ வேன் ஓட்டுபவருக்கும் வருமானம் அன்றாடம் வருகிறது. வாடகை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை. இந்தக் கால இடைவெளியைக் கடப்பதற்கு அந்த ஊர் மக்கள் பல தலைமுறைகளாக வழிகள் வகுத்து வைத்திருக்கிறார்கள். அவற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவாகிறது. சேமிப்பில் கட்டுப்பாடு என்று நாம் பேசும்போது அதை ஆளின் குணத்தோடு சேர்த்துப் பேசுகிறோம். சேமிக்கிறவன் நல்லவன், செலவழிக்கிறவன் பொறுப்பில்லாதவன் என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். லாகோஸின் அனுபவம் வேறு சொல்கிறது. பணம் எங்கே வைக்கப்படுகிறது, யார் கண்ணில் படுகிறது, எந்த நாளில் கைக்குத் திரும்புகிறது என்பவைதான் கட்டுப்பாட்டைத் தீர்மானிக்கின்றன.

முதலில் வீட்டு உரிமையாளர் பக்கம். ஆண்டு வாடகைக்கு அவர்கள் சொல்லும் காரணங்களை வெறும் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. நைஜீரியாவில் வீட்டுக்கடன் என்பது மிகச் சிலருக்கே எட்டும். 2024 நவம்பரில் மத்திய வங்கியின் அடிப்படை வட்டி விகிதமே 27.5 சதவீதத்துக்குப் போனது. அதனால் பலரும் கைப்பணத்தைப் போட்டு, ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிடத்தை எழுப்புகிறார்கள். போட்ட முதலை வேகமாகத் திரும்ப எடுக்கப் பார்க்கிறார்கள். வாடகை தராத குடியிருப்பாளரை வெளியேற்றுவதும் எளிதல்ல. 2011-இன் லாகோஸ் குடிவாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், ஆண்டுக் குடியிருப்பாளருக்கு ஆறு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். பிறகு ஏழு நாள் அறிவிப்பு, அதன் பிறகுதான் நீதிமன்றம். வழக்கு எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆண்டுப் பணத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது உரிமையாளருக்குக் காப்பீடு மாதிரி.

அந்தக் காப்பீட்டுக்கான கட்டணத்தைக் குடியிருப்பவர்தான் கட்டுகிறார். 6 லட்சத்தை மொத்தமாகக் கொடுக்காமல் மாதம் 50,000 வீதம் கொடுத்தால், ஆண்டு முழுவதும் சராசரியாக 2 லட்சத்து 75 ஆயிரம் நைரா அவர் கையிலேயே இருக்கும். 2024-இல் நைஜீரிய அரசின் ஓராண்டுக் கருவூலப் பத்திரங்கள் சுமார் 20 சதவீத வருவாய் தந்தன. அந்தக் கணக்கில் 55,000 நைரா. அதாவது பன்னிரண்டு மாதம் குடியிருக்கப் பதின்மூன்று மாத வாடகைக்கு மேல் கொடுத்த மாதிரி ஆகிறது. துபாயில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்த விவகாரம் புரியும். அங்கேயும் வாடகை ஆண்டுக் கணக்குதான். ஆனால் அதைப் பின்தேதியிட்ட காசோலைகளாகப் பிரித்து, ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு என்று கொடுக்கலாம். காசோலைகளின் எண்ணிக்கை குறைந்தால் வாடகையைக் குறைத்துப் பேரம் பேசவும் முடிகிறது. மொத்தமாகக் கொடுப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதை அந்தச் சந்தை ஒப்புக்கொள்கிறது. லாகோஸில் மொத்தமாகக் கொடுப்பது எல்லோருக்கும் பொது விதி என்பதால் தள்ளுபடிக்கு இடமே இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. பாபாடுண்டே ஃபஷோலா ஆளுநராக இருந்தபோது வந்த அந்த 2011 சட்டம், புதிதாகக் குடிவருபவரிடம் ஓராண்டுக்கு மேல் வாடகை கேட்பதைக் குற்றமாக்கியது. அதற்கு முன்பு இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு முன்பணம் கேட்பது சர்வசாதாரணம். மீறினால் ஒரு லட்சம் நைரா அபராதம் அல்லது மூன்று மாதச் சிறை. ஆனால் சட்டத்தை எழுதியவர்கள் ஒரு வினோதம் செய்தார்கள். வாங்குகிறவரோடு சேர்த்து, கொடுக்கிறவரையும் குற்றவாளியாக்கிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் இரண்டு ஆண்டு வாடகை கொடுத்த குடும்பம் புகார் கொடுக்கப் போனால் தானும் மாட்டிக்கொள்ளும். யார் போவார்கள்? பணக்காரர்கள் வசிக்கும் இக்கோயி, விக்டோரியா தீவு போன்ற பகுதிகளுக்குச் சட்டம் பொருந்தவே பொருந்தாது என்பது இன்னொரு செய்தி. ஓராண்டு என்ற வரம்பு நாளடைவில் பாதுகாப்பு என்பது போய், ஓராண்டு கேட்பதற்கான உரிமையாகவே மாறிவிட்டது.

சட்டம் கைவிட்ட இடத்தில் மக்களின் ஏற்பாடுகள் நிற்கின்றன. அவற்றுள் இரண்டு முக்கியமானவை. யொருபா மக்கள் ஒன்றை அஜோ என்றும் இன்னொன்றை எசுசு என்றும் சொல்கிறார்கள். பேச்சில் இரண்டு பெயர்களும் கலந்துவிடும்; வேலை செய்யும் விதம் வேறு.

அஜோவில் ஒரு வசூல்காரர் உண்டு. அவர்தான் அலாஜோ. காலையிலோ மாலையிலோ சந்தைக் கடைகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வருவார். வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் ஓர் அட்டை. அட்டையில் மாதத்தின் 31 நாள்களுக்கும் கட்டங்கள். அன்றைய பணம் வாங்கியதும் அன்றைய கட்டத்தில் ஒரு குறி. தொகை முன்கூட்டியே பேசி முடித்தது: 500 என்றால் தினமும் 500, 2,000 என்றால் தினமும் 2,000. கூட்டவோ குறைக்கவோ கூடாது. மாத முடிவில் சேர்ந்த பணம் முழுவதும் திரும்பிவிடும். ஒரு நாள் பணம் மட்டும் அலாஜோவின் கூலி. தினம் 2,000 நைரா கட்டியவருக்கு 30 நாள் மாதத்தில் 58,000 கிடைக்கும்.

வங்கிக் கண்ணோடு பார்த்தால் இது நஷ்டம். மாதம் முழுவதும் சராசரியாக 30,000 நைரா அலாஜோவிடம் இருக்கிறது. அதைப் பாதுகாத்துத் தர அவர் 2,000 எடுக்கிறார். ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் 80 சதவீதம், அதுவும் சேமிக்கிறவர் கொடுக்கும் வட்டி! இது ஆப்பிரிக்காவின் தனிக்கதையும் அல்ல. ஏழைகளின் பணப்புழக்கத்தை நெடுங்காலம் ஆராய்ந்த ஸ்டூவர்ட் ருதர்ஃபோர்ட், நம் பக்கத்து விஜயவாடாவின் குடிசைப் பகுதிகளில் வீடு வீடாகப் போய்ச் சேமிப்பு வசூலித்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். நாளுக்கு 5 ரூபாய் வீதம் 220 நாள் கட்டினால் 1,100 ரூபாய். அந்தப் பெண் 100 ரூபாயை எடுத்துக்கொண்டு 1,000 ரூபாயைத் திருப்பித் தருவார். ஆண்டுக்கு ஏறக்குறைய 30 சதவீதம். அந்தப் பகுதிப் பெண்கள் அதைக் கொள்ளை என்று நினைக்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்கும்போதும் பண்டிகை வரும்போதும் கையில் மொத்தமாக ஆயிரம் ரூபாய் இருந்ததே, அதுதான் அவர்களுக்குப் பெரிது.

வீட்டு வாசலுக்கு வந்து தினமும் கேட்டு வாங்கிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும் என்பதை ஏழைகள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கடையைப் பூட்டிவிட்டு வங்கிக்குப் போய் வரிசையில் நின்றால் அன்றைய வியாபாரம் போகும். பணம் வீட்டிலேயே இருந்தாலோ, மைத்துனருக்கு மருந்துச் செலவு, உறவில் கல்யாணத்துக்கு எல்லோரும் ஒரே துணியில் உடுத்தும் அசோ எபி, தங்கையின் பள்ளிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வரும். இல்லை என்று சொல்ல முடியாத உறவுகள் அவை. "பணம் அலாஜோவிடம் இருக்கிறது" என்று சொன்னால் யாரும் மனம் நோக மாட்டார்கள். மறுப்பதற்குக் கண்ணியமான ஒரு வழியைத்தான் அந்த ஒரு நாள் கூலி வாங்கித் தருகிறது.

இந்தத் தொழிலின் நம்பிக்கைக்கு லாகோஸ் ஒரு மனிதரின் பெயரைச் சொல்லும்: அலாஜோ ஷோமோலு. இயற்பெயர் அல்ஃபேயஸ் டைவோ ஒலுனைகே. 1915-இல் பிறந்தவர். 1950-களில் ஷோமோலு பகுதியில் வசூல் தொழிலைத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களின் கணக்கை எழுத்தில் வைக்காமல் மனத்திலேயே வைத்திருந்து, ஒரு காசு பிசகாமல் திருப்பிக் கொடுத்தவர் என்பது அவரைப் பற்றிய புகழ். காரை விற்று சைக்கிள் வாங்கிய அலாஜோ ஷோமோலு என்று அவரைச் சொல்லும் வழக்கு யொருபாப் பேச்சில் இன்றும் இருக்கிறது. கூர்மையான மூளைக்காரரைப் பாராட்டும்போது அதைச் சொல்வார்கள். குறுகலான தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கும் தொழிலுக்கு சைக்கிள்தான் பொருத்தம் என்பதால் இந்த வழக்கு ஏளனமாக நிற்காமல் பாராட்டாக நிற்கிறது. 2012-இல், தொண்ணூறு வயதைக் கடந்து, அவர் காலமானார்.

ஆனால் ஆண்டு வாடகைக்கு அஜோ மட்டும் போதாது. மாத முடிவில் பணம் திரும்பிவிடுகிறதே! 58,000 நைரா கையில் வந்த அன்றே அதற்குப் பத்து வழிகள் திறந்துவிடும். தினப்பணத்தை மாதப்பணமாக்குவது அஜோ. மாதப்பணத்தை ஆண்டுப்பணமாக்க இன்னோர் அடுக்கு வேண்டும். எசுசு அந்த வேலையைச் செய்கிறது.

நம் குலுக்குச் சீட்டை அறிந்தவர்களுக்கு எசுசுவை விளக்கத் தேவையில்லை. பன்னிரண்டு பேர், மாதம் ஆளுக்கு 50,000 நைரா. ஒவ்வொரு மாதமும் ஒருவர் 6 லட்சத்தை எடுப்பார். வட்டி இல்லை, ஏலத் தள்ளு இல்லை. நம் ஏலச் சீட்டில் அவசரக்காரர் தள்ளி எடுத்து நஷ்டப்படுவார். எசுசுவில் முறை வைத்து எடுப்பார்கள். 1843-இல் சாமுவேல் அஜயி க்ரௌதர் தொகுத்த யொருபா அகராதியிலேயே எசுசு இடம்பெற்றிருக்கிறது. 1952-இல் மானுடவியலாளர் வில்லியம் பாஸ்கம் இதைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்களோடு கடல் கடந்து போன இந்த ஏற்பாடு டிரினிடாட்டில் சூசு என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. எல்லாம் பறிக்கப்பட்ட மனிதர்கள் தங்களோடு கொண்டுபோய்க் காப்பாற்றிய ஒரு பொருளாதார அறிவு அது.

வாடகைக்காகச் சேரும் எசுசுவில் யாருக்கு எந்த மாதம் என்பதில்தான் சூட்சுமம். குலுக்கி எடுத்தால் பிரச்சினை வரும். மார்ச் மாதத்தில் வாடகை கட்ட வேண்டியவருக்கு ஜூலையில் சீட்டு விழுந்தால் மார்ச்சில் கடன் வாங்குவார். ஜூலையில் வந்த பணத்தில் பாதி கடனுக்கும் மீதி வேறெதற்குமாகப் போய்விடும். ஒவ்வொருவரின் வாடகை மாதத்தையும் முதலில் கேட்டு, அதற்கு ஒரு மாதம் முன்பாக அவர் முறை வரும்படி வரிசையை அமைத்துக்கொள்ளும் குழுவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஒரே மாதத்தில் பலருக்கு வாடகை வந்தால் அவர்களில் சிலரை வேறு குழுவுக்கு அனுப்பிவிடலாம். வாடகை எசுசு தொடங்க நினைப்பவர்கள் தொகையைப் பேசுவதற்கு முன் இந்தத் தேதிகளைப் பேசி முடிக்க வேண்டும்.

ஆய்வுகள் இந்த நாட்டு வழக்கத்துக்கு என்ன சொல்கின்றன? இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் ஒரு கிராமிய வங்கியோடு சேர்ந்து நாவா அஷ்ரஃப், டீன் கார்லன், வெஸ்லி யின் ஆகியோர் செய்த பரிசோதனை 2006-இல் வெளியானது. குறிப்பிட்ட தேதியோ குறிப்பிட்ட தொகையோ எட்டும் வரை எடுக்க முடியாத கணக்கு; கூடுதல் வட்டி கிடையாது. அந்தக் கணக்கு தருவதாகச் சொல்லப்பட்டவர்களில் நூற்றுக்கு 28 பேர் ஏற்றுக்கொண்டார்கள். எந்த லாபமும் இல்லாமல் தன் கையைத் தானே கட்டிக்கொள்ள இத்தனை பேர் முன்வந்ததே பெரிய செய்தி. ஓராண்டில், அந்தக் கணக்கு வழங்கப்பட்ட குழுவின் வங்கிச் சேமிப்பு, வழங்கப்படாத குழுவோடு ஒப்பிட்டால், 81 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக வளர்ந்திருந்தது.

மற்றது, பாஸ்கலின் துபாவும் ஜொனாதன் ராபின்சனும் கென்யாவின் மேற்குப் பகுதியில் நடத்தி 2013-இல் வெளியிட்டது. இது என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அவர்கள் சிலருக்குப் பூட்டும் சாவியும் சேர்த்து ஓர் இரும்புப் பெட்டி கொடுத்தார்கள். சிலருக்குப் பெட்டி மட்டும்; சாவி ஆய்வுக் குழுவிடம். இன்னும் சிலரை, அவர்கள் ஏற்கெனவே இருக்கும் சீட்டுக் குழுவிலேயே உடல்நலத்துக்கென்று தனி உண்டி தொடங்கச் சொன்னார்கள். கொசுவலை மாதிரி நோய்த்தடுப்புப் பொருள்கள் வாங்குவதற்கான சேமிப்பு இது. சாவி கையில் இருந்தவர்கள் மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாகச் செலவிட்டுப் பொருள்கள் வாங்கினார்கள். சாவி வேறிடத்தில் இருந்தவர்களிடம் அப்படிப்பட்ட பலன் தெரியவில்லை. திடீரென்று பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எடுக்க முடியாத பணத்தைப் பூட்டி வைக்க ஏழைகள் தயங்குகிறார்கள். சீட்டுக் குழுவின் தனி உண்டியோ எல்லாவற்றையும் மிஞ்சியது. செலவிட்ட தொகை இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் லாகோஸ் பெண்கள் ஏன் எசுசுவை விடுவதில்லை என்பது விளங்கும். பூட்டு உதவும், ஆனால் இறுகப் பூட்டினால் பயந்து விலகிவிடுவார்கள். பேரிட்டு ஒதுக்கிய பணம் எளிதில் கரைவதில்லை. பக்கத்துக் கடைக்காரி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு எல்லாவற்றையும்விட வலுவானது. வாடகைக்கென்று சேமிக்கிறவர் அவசரத்துக்கென்று ஒரு சிறு தொகையைத் தனியாக, எடுக்கக்கூடிய இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்ற பாடமும் கென்யாவிலிருந்து கிடைக்கிறது. அந்தச் சிறு தொகை இல்லாவிட்டால் முதல் காய்ச்சலிலேயே வாடகைப் பணம் உடையும்.

இந்தப் பழைய அறிவைத்தான் கைப்பேசிச் செயலிகள் இப்போது எடுத்துக்கொண்டிருக்கின்றன. நைஜீரியாவில் கோலோ என்று ஒரு மர உண்டியல் உண்டு. உடைத்தால்தான் பணம் எடுக்க முடியும். 2015-ஆம் ஆண்டு முழுவதும் ஒரு பெண் தினமும் 1,000 நைராவை அப்படியோர் உண்டியலில் போட்டு, ஆண்டின் கடைசி நாளில் உடைத்து 3 லட்சத்து 65 ஆயிரம் நைரா எடுத்ததை ட்விட்டரில் படத்தோடு போட்டார். அதைப் பார்த்த இளைஞர்கள் சிலர், ஒடுனயோ எவெனியி, சோம்டோ இஃபெசுவே, ஜோஷுவா சிபுவேஸே ஆகியோர், 2016-இல் அதே யோசனையை இணையத்தில் தொடங்கினார்கள். இன்று அதன் பெயர் பிக்கிவெஸ்ட். வங்கிக் கணக்கிலிருந்து தினமோ வாரமோ மாதமோ தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும். ஆண்டில் காலாண்டுக்கு ஒன்றாக நான்கு நாள்களில் மட்டும் கட்டணமின்றி எடுக்கலாம். இடையில் எடுத்தால் அபராதம் என்று விதி வைத்தார்கள். குறித்த தேதி வரை எடுக்கவே முடியாத பூட்டுக் கணக்கும் உண்டு. அலாஜோவின் அட்டையும் கோலோவின் மரமும் சேர்ந்ததுதான் இது. வட்டியும் கிடைக்கிறது என்பது இதன் பலம். வாசலில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆள் இல்லை என்பது குறை.

ஆபத்தும் சொல்ல வேண்டும். அலாஜோ ஓடிப்போனால் கேட்க நாதியில்லை. ஒரு மாதத்துக்கு மேல் பணத்தை அவரிடம் தேங்கவிடாமல் இருப்பதே அதற்குப் பாதுகாப்பு. அதிக லாபம் தருகிறோம் என்ற வலை இன்னும் கொடியது. 30 நாளில் 30 சதவீதம் என்று ஆசை காட்டிய எம்எம்எம் திட்டம் 2016 டிசம்பரில், பண்டிகை நேரத்தில், பணம் எடுப்பதை நிறுத்தியது. வாடகைக்கென்று வைத்திருந்ததை அதில் போட்டவர்கள் நைஜீரியாவில் ஏராளம். குறித்த நாளில் கட்டியாக வேண்டிய பணத்துக்கு லாபம் இரண்டாம் பட்சம். வங்கியில் வைத்தால் அரசின் வைப்புக் காப்பீடு உண்டு; 2024-இல் அதன் வரம்பு வணிக வங்கிகளுக்கு 5 லட்சம் நைராவிலிருந்து 50 லட்சமாக உயர்த்தப்பட்டது. ஒரு சாதாரணக் குடும்பத்தின் ஆண்டு வாடகை முழுவதும் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும்.

விலைவாசிதான் பெரிய எதிரி. 2023-இல் பெட்ரோல் மானியம் நீக்கப்பட்டது, நைராவின் மதிப்பு சந்தைக்கு விடப்பட்டது. டாலருக்கு 460 நைரா அளவில் இருந்தது அடுத்த ஆண்டில் 1,500-ஐத் தாண்டியது. 2024 டிசம்பரில் பணவீக்கம் 34.8 சதவீதம். இப்படிப்பட்ட ஆண்டில் எசுசுவில் கடைசியாக எடுப்பவரின் 6 லட்சம், தொடக்க நாளின் விலையில் நாலரை லட்சத்துக்கும் குறைவு. உரிமையாளர் அதே விகிதத்தில் வாடகையை ஏற்றாமல் 25 சதவீதம் மட்டும் ஏற்றினாலும் 6 லட்சம் ஏழரை லட்சமாகிறது. ஆண்டு முழுவதும் ஒரு நாள் தவறாமல் சேமித்த குடும்பம்கூட, கடைசியில் ஒன்றரை லட்சத்துக்குத் திண்டாடும். கட்டுப்பாடு இல்லாததால் வந்த திண்டாட்டம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் செய்யக்கூடியது உண்டு. இந்த ஆண்டு கட்டிய வாடகையைப் பன்னிரண்டால் வகுத்துச் சேமிக்காமல், அடுத்த ஆண்டு கேட்கப்போகும் வாடகையை ஊகித்து அதை வகுக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 50,000-க்குப் பதிலாக மாதம் 62,500. வாடகை கட்டிய மாதமே அடுத்த ஆண்டுச் சேமிப்பைத் தொடங்கிவிட வேண்டும். அது கடினமான மாதம். கையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆனால் "இன்னும் பன்னிரண்டு மாதம் இருக்கிறதே" என்று இரண்டு மாதம் விட்டுவிட்டால் அதே தொகையைப் பத்து மாதத்தில் சேர்க்க வேண்டியதாகிறது. 62,500 என்பது 75,000 ஆகிவிடும். முதல் மாதங்களில் முழுத் தொகை முடியாதென்றால் பாதியாவது கட்டி, சம்பளம் உயரும்போதோ விடுமுறைப்படி வரும்போதோ ஈடுசெய்யலாம். அமெரிக்காவில் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் இந்த வழியைத் தொழிலாளரிடம் சோதித்தார்கள். இப்போது வெட்டாமல், வருங்காலச் சம்பள உயர்விலிருந்து வெட்டிக்கொள்ள ஒப்புக்கொண்டவர்களின் சேமிப்பு 40 மாதத்தில் சம்பளத்தின் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது.

மாதச் சம்பளக்காரருக்குச் செயலியோ வங்கிக் கணக்கோ போதும். ஆண்டுக்கு 20 சதவீத வருவாய் கிடைக்கிற இடத்தில் மாதம் 50,000 போட்டால் ஆண்டு முடிவில் ஒரு மாத வாடகை அளவு கூடுதலாகச் சேரும். மொத்தமாகக் கட்டுவதால் இழக்கும் தொகை இங்கே கொஞ்சம் திரும்பி வருகிறது. அன்றாடம் சம்பாதிக்கிறவருக்கு நான் அலாஜோவைத்தான் சொல்வேன், அந்த ஒரு நாள் கூலியைக் கொடுத்தாலும். அட்டை நிறைந்து மாதப்பணம் கைக்கு வரும் அதே நாளில் அதை எசுசுவிலோ வங்கியிலோ கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும், வீட்டில் ஒரு இரவும் தங்கவிடாமல்.

சென்னையில் பத்து மாத முன்பணம் கொடுத்து வீடு பிடித்த குடும்பங்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறாகப் பேசிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. அந்த விதிவிலக்கின் வழியாகவே பழைய வழக்கம் தொடர்கிறது. நம் முன்பணமாவது காலி செய்யும்போது திரும்பும் என்ற நம்பிக்கையில் கொடுப்பது. லாகோஸ்காரரின் ஆண்டு வாடகை போனது போனதுதான்.

லாகோஸில் மாற்றம் பற்றிய பேச்சு நிற்கவில்லை. மாத வாடகை முறையைக் கொண்டுவர விரும்புவதாக ஆளுநர் பாபாஜிடே சான்வோ-ஒலு 2021-லிருந்து சொல்லி வருகிறார். 2025-இல் மாநிலச் சட்டமன்றத்தில் விவாதத்துக்கு வந்த புதிய குடிவாடகை மசோதா தரகுக் கட்டணத்தை ஐந்து சதவீதத்துக்குள் அடக்கப் பார்க்கிறது. அதில் நம் உதாரணக் குடும்பத்துக்கு 30,000 நைரா மிச்சம். நல்லதுதான். ஆனால் மாதம் சம்பாதிக்கிறவரிடம் ஆண்டுப் பணத்தைக் கேட்பது தொடரும் வரை பாரத்தின் பெரும்பகுதி அவர் தோளிலேயே இருக்கும். உரிமையாளரின் பயம் நியாயமானது என்றால் அதற்கு மருந்து விரைவான வாடகை நீதிமன்றமும், வாடகை பாக்கிக்கு ஒரு பொதுக் காப்பீடும். அவ்விரண்டையும் அரசு செய்யாமல் இருக்கும்போது, சந்தையில் தக்காளி விற்கும் பெண் அலாஜோவிடம் தினமும் கொடுக்கும் 2,000 நைராதான் லாகோஸின் வாடகைச் சந்தையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அவளுக்குச் சேமிக்கக் கற்றுக்கொடுக்க யாரும் தேவையில்லை. மாதாமாதம் வாடகை கட்டும் உரிமையைச் சட்டம் அவளுக்குத் தர வேண்டும்.